அந்தப் படி எங்கே போகிறது

சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் அதே கிருபையில் சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். உடம்பைப் பற்றி இவ்வளவுதான். மனசைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, இருப்புக் கொள்ளாமல் நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதனால் கையெழுத்து ஒரு இடத்தில் நேராகவும் ஒரு இடத்தில் சாய்ந்தும் இருந்தால் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. நேற்று நீ போனில் என்னம்மா, குரலே சரியில்லையே என்று கேட்டபோது தூக்கம் சரியில்லைப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். தூக்கம் சரியில்லை என்பது உண்மைதான், ஏன் சரியில்லை என்பதைத்தான் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே விடுங்கம்மா, கிளம்பி வாங்கம்மா என்று குறுக்கே விழுவாய். காகிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது பார், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். சின்னக்குட்டிக்கு முன்பல் ஆடுகிறது என்று சொன்னாயே, விழுந்ததா? மருமகளுக்கு இருமல் நிற்கவில்லையென்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற வேலை வேண்டாம், டாக்டரிடம் காட்டு.

பாதி விஷயம் உனக்கே தெரியும், நான்தான் அரையும் குறையுமாகச் சொன்னேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன். எங்கள் சட்டைக் கம்பெனி நீ இங்கே இருந்தபோது இரண்டு மாடி, இப்போது மூன்று. நான் மூன்றாம் மாடியில் அதே காலர் வரிசையில் தைக்கிறேன், அப்பா எந்த மாடியில் எந்த மெஷின் மக்கர் செய்கிறதோ அங்கே எண்ணெய்க் குப்பியும் கையுமாக ஓடிக்கொண்டிருக்கிறார். தைக்கிறேன், ஓடுகிறார் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் மாடியில் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது, நெருப்புப் பிடித்தால் ஓடுவதற்கென்று வைத்தது, அப்படி என்று மேலே சிவப்பில் எழுதிக்கூட இருக்கிறது. அந்த வழியாக யாரோ துணியைக் கடத்துகிறார்கள் என்று முதலாளிக்கு என்றைக்குச் சந்தேகம் வந்ததோ அன்றையிலிருந்து அதில் பூட்டு. சாவி மூப்பரின் மேஜை டிராயரில். நம் சபையில் மூப்பராக இருக்கிறவர்தான் கம்பெனியில் எங்கள் மாடிக்கு மேனேஜர், வேலை நாளெல்லாம் சார், ஞாயிற்றுக்கிழமை மூப்பர், எனக்கு இன்றைக்கும் சில சமயம் ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது வாய் தவறி குட்மார்னிங் சார் என்று வந்துவிடும். அவரை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது கொட்டுகிற மழையில் தன் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், நீ வந்து சேரும்வரை வராந்தா பெஞ்சிலேயே கிடந்தவர். நல்ல மனிதர் தம்பி. இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் படிக்கும்போது நீ அவரை வாய்க்கு வந்தபடி திட்டக் கூடாது.

போன மாதம் இஸ்திரி மேஜைப் பக்கம் ஒயர் கருகி மாடி முழுக்கப் புகை மண்டிவிட்டது. நெருப்பு வரவில்லை, வெறும் புகைதான், ஆனால் புகைக்குள் நிற்கிறவளுக்கு அது வெறும் புகை என்று தெரியுமா? முன்பக்கப் படியில் தையல் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். பூட்டு. முன்னால் போனவர்கள் கதவைத் தட்ட, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழ, எனக்கு யாருடைய முழங்கையோ விலாவில் இறங்கி ஒரு வாரம் மூச்சிழுத்தால் வலித்தது. மூப்பர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் யாரோ ஜன்னலை உடைத்துவிட்டார்கள், புகையும் அடங்கிவிட்டது. கதவைத் திறக்காமலேயே அவரவர் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் டீயைக் குடித்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தோம். சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான். எதிர்வீட்டு மாடியில் தாயும் மகளுமாகக் குடியிருக்கிறார்களே, அந்தப் பெண். உருவத்தில் சின்னது, நடையில் வேகம், பட்டன் சரிபார்க்கிற மேஜையில் வேலை, ஒரு நூல் பிசிறுகூடக் கண்ணுக்குத் தப்பாது, அதனால் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் சுண்டெலி, அவளும் கோபப்படாமல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். அவள் தன் பெயரைச் சொல்லாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து கதவு பூட்டியிருக்கிற விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே நம் சமையலறையில் வந்து நின்று, அத்தை, மாமா, நான் பண்ணது தப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எனக்காக ஜெபம் மட்டும் பண்ணிக்கோங்க என்றாள். நான் தலையாட்டினேன். அப்பாவும் தலையாட்டினார்.

இனி உன் அப்பா கதை. அவர் ஜெபிக்கிற விதம் உனக்குத் தெரியாததா? ஆண்டவருக்கு விலாசம் தெரியாது என்பதுபோலத் தெருமுனை, வீட்டு அடையாளம், எத்தனையாவது மாடி என்பதுவரை சொல்லித்தான் கேட்பார். உன் கணக்கு மார்க்கை சபை நடுவே ஜெபத்தில் சொல்லி உன்னை அழவைத்தவர்தானே. புதன்கிழமை வீட்டுக் கூட்டம் இந்தத் தடவை பேக்கரிக்காரர் வீட்டில் நடந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம், அப்பா ஆரம்பித்தார், மனுஷருக்குப் பயப்படாம உண்மையைச் சொன்ன உம்முடைய பிள்ளைக்காக உம்மைத் துதிக்கிறேன் ஆண்டவரே என்று. பெயர் சொல்லக் கூடாது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது, அதனால் பெயரைச் சொல்லவில்லை. பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். எங்க எதிர்வீட்டு மாடியில தாயோட தனியா இருக்கிற சின்னப் பிள்ளை, பட்டன் மேஜையில வேலை செய்யறவ, மூணாம் மாடி பின்கதவு பூட்டியிருக்குன்னு அதிகாரிங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னாளே, அவளுக்கு நீர் தைரியத்தைக் கொடும் என்று கண்ணீரோடு கேட்டார். நான் பக்கத்திலிருந்து அவர் கையைக் கிள்ளினேன், ஆவியில் நிறைந்திருக்கிற மனிதருக்குக் கிள்ளினால் உறைக்குமா? மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். என்னைப் போலவே அறையில் பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்திருந்தார்கள். மூப்பர் மட்டும் இரண்டு கண்ணையும் திறந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் ஆமென் என்றார்கள், அவரும் சொன்னார். நீயாவது எங்களுக்காக ஜெபிக்கும்போது மனசுக்குள்ளேயே ஜெபித்துக்கொள் தம்பி, நம் குடும்பத்துக்கு ஒரு சத்தமான வாய் போதும்.

அந்த வாரக் கடைசியில் சுண்டெலியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியிடம் சொன்னது மூப்பரா, கூட்டத்தில் இருந்த வேறு யாருமா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அவள் வந்து உன் அப்பாவிடம் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மாமா, நீங்க எனக்காகத்தானே ஜெபிச்சீங்க என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு உன் அப்பா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டில் கை வைப்பார், எழுந்துவிடுவார். வாய் திறந்து ஜெபிப்பதையே விட்டுவிட்டார், முழங்கால் போட்டுச் சும்மா இருக்கிறார், பல வருஷமாக அந்த நீள ஜெபத்தைக் குறை சொன்ன எனக்கே அந்தச் சத்தம் இல்லாமல் வீடு என்னவோபோல் ஆகிவிட்டது.

அதற்குள் அதிகாரி நேரில் வந்து பார்க்கப் போகிறார், வேலை செய்கிறவர்களையும் விசாரிப்பார் என்று தெரிந்தது. மூப்பர் ஒரு நாள் சாயங்காலம் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அண்ணே, அன்னிக்குக் கதவு திறந்துதான் இருக்கும், நீங்க பொய்யே சொல்ல வேணாம், திறந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க, அது ஒரு வார்த்தை, மாடியை மூடிட்டா எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும்னு யோசிச்சுப் பாருங்க, என் பொழப்பும் அதுக்குள்ளதான் இருக்கு என்றார். அப்பா பழத்தை வாங்கி மேஜையில் வைத்தார். நீ போன் செய்து அப்பாவை லீவு போடச் சொல்லுங்க, டிக்கெட் நான் எடுக்கிறேன், இங்க வந்து பேத்தியோட இருங்க, எல்லாம் அடங்கினதும் போய்க்கலாம், எதுக்கு நமக்கு இந்த வம்பு என்று சொன்னது அதற்கு மறுநாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. சொல்லப்போனால் நீ போனை வைப்பதற்குள் நான் மனசால் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்புறம் நிஜமாகவே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, நாம போயிட்டா அந்தப் பிள்ளை மட்டும் பொய்க்காரி ஆயிடுவாம்மா, என் வாயாலதான் அவ மாட்டினா, என் வாயாலதான் அவ தப்பிக்கணும் என்றார். நான் விடவில்லை. உங்க வாய் பண்ணது போதாதா, இந்த ஒரு தடவை அதை மூடி வைங்க, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல நமக்கு இந்த வீரம் தேவையா என்று கத்தினேன். பேசக் கூடாததையெல்லாம் பேசினேன். போதகர் மூன்று வாரமாகத் தைரியத்தைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணினார், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கும்போது எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

இதோ எழுந்து பார்த்துவிட்டு வந்தேன், இன்னும் வரவில்லை. யார் வரவில்லை என்பதையும் சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அதிகாரி வருகிற நாள் காலையில் நாங்கள் கம்பெனி வாசலில் நுழையும்போதே வேன் தயாராக நின்றது. ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு யூனிட்டில் மெஷின் நின்றுவிட்டதாம், அப்பா உடனே போக வேண்டுமாம். எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேன் டிரைவருக்கே தெரியும். அப்பா முகம் வாடிப் போயிற்று. வேன் திருப்பத்தில் மறைந்ததும் நான் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன், வாய்விட்டே சொன்னேன். அவர் பொய்யும் சொல்ல வேண்டாம், உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளவும் வேண்டாம், ஆண்டவர் எப்படி அழகாக வழி திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு லேசான மனசோடு மாடியேறினேன். மேலே போனால் பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. கூட்டித் துடைத்து, பக்கத்தில் ஒரு பூந்தொட்டிகூட வைத்திருந்தார்கள். பூந்தொட்டியைப் பார்த்ததும் வரிசையில் எல்லோருக்கும் சிரிப்பு, வரிசைக்குத் தலைவியாக இருக்கிறவள் வந்து சிரிச்சது போதும், கேட்டா என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கட்டும் என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அதிகாரி ஒரு பெண்மணி, என் வயசு இருக்கும், மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மூப்பர் பின்னாலேயே வந்தார். அந்த அம்மா கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு வரிசை வரிசையாக நின்று கேட்டார். எப்பவும் திறந்துதான் மேடம் இருக்கும் என்று ஒருத்தி, ஆமா மேடம் என்று அடுத்தவள். என் பக்கத்து மெஷினில் நிறைமாதக்காரி ஒருத்தி இருக்கிறாள், வயிறு மெஷின் பலகையில் இடிக்க இடிக்கத் தைக்கிறாள், அவளும் சிரித்த முகமாக எப்பவும் திறந்திருக்கும் என்றாள். பிறகு என்னிடம் வந்தார். நானும் அதே பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா அதைக் கேட்கவில்லை. இந்தப் படி வழியா இறங்கினா கீழ எங்கம்மா போய்ச் சேரும் என்று கேட்டார்.

எங்கே போய்ச் சேரும்? எனக்குத் தெரியவில்லை தம்பி. இத்தனை வருஷம் அந்த மாடியில் தைத்திருக்கிறேன், தெரியவில்லை. பின் தெருவுக்கு என்று ஊகித்துச் சொல்லியிருக்கலாம், அவரும் தலையாட்டிவிட்டு அடுத்தவளிடம் போயிருப்பார். மூப்பர் அவருக்குப் பின்னால் நின்று, பின் தெருவுக்கு என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார். அந்த நேரத்தில் ஆண்டவரை நினைத்தேன், பிரசங்கத்தை நினைத்தேன் என்று எழுத ஆசைதான், ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்திலிருந்த அந்த நிறைமாதக்காரியைப் பார்த்தேன், இவள் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் ஒரு நாள் அந்தப் படியில் ஓடுவாளே என்று மட்டும் தோன்றிற்று. தெரியாது மேடம், நாங்க யாரும் அதுல இறங்கினதே இல்ல, அது பூட்டித்தான் இருக்கும், இன்னிக்குத்தான் திறந்திருக்காங்க என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த அம்மா என்மேல் கோபப்படவும் இல்லை, மெச்சிக்கொள்ளவும் இல்லை. வாங்க, போய்ப் பார்ப்போம் என்று கையைப் பிடித்து எழுப்பினார். அவர் முன்னால், நான் நடுவில், மூப்பர் பின்னால். கைப்பிடிச் சுவரைத் தொட்டால் கை முழுக்கத் தூசி, எங்கள் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை, கீழே போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வளைவில் திரும்பினால் அங்கே வழியே இல்லை. கழிவுத் துணி மூட்டைகள், தரையிலிருந்து கூரை வரை, ஒன்றின்மேல் ஒன்றாக அமுக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தைக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம், அவர்களுக்கு இடம் போதாமல் இங்கே கொண்டுவந்து திணித்திருக்கிறார்கள். அதிகாரி ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அதற்கு அப்பால் ஒரு ஷட்டர் இருந்ததாம், அதுவும் வெளியிலிருந்து பூட்டு, அதைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். போன மாதம் புகை மண்டியபோது மூப்பர் சாவியோடு ஓடிவந்து திறந்திருந்தால் நாங்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு அந்த இருட்டுக்குத்தான் இறங்கியிருப்போம். நான் திரும்பி மூப்பரைப் பார்த்தேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தியமா எனக்கு இது தெரியாதும்மா, சாவி என்கிட்ட இருக்கு, ஒண்ணுன்னா திறந்துவிட்டுடலாம்னுதான் நினைச்சிருந்தேன் என்றார், அதிகாரியிடம் இல்லை, என்னிடம். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்பா சாயங்காலம் வேனில் வந்து இறங்கி விஷயத்தைக் கேட்டதும் நீயா என்றார். ஆமா என்றேன். நீயா சொன்னே என்று மறுபடியும் கேட்டார். ஏன், உண்மை பேச உங்க வாய்க்கு மட்டும்தான் லைசென்ஸ் கொடுத்திருக்கா என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன், மனிதர் அழுதுவிட்டார். மறுநாளே எங்கள் இரண்டு பேரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு ஆள் குறைக்கிறோம் என்றார்கள். மூட்டைகளை எடுத்துச் சரிசெய்து காட்டும்வரை மூன்றாம் மாடியைத் திறக்கக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார், அதனால் பெண்களுக்கு வேலை இல்லை, சுண்டெலிக்கும் போன வேலை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. இது எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது பேக்கரிக்கடை வாசலில் நடந்தது. எங்கள் வரிசைத் தலைவியைப் பார்த்துச் சிரித்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உங்களுக்கென்ன, பையன் வெளியூர்ல சம்பாதிச்சு அனுப்புறான், வாய் திறக்கலாம், எங்க கதி என்ன என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். உன்னை இழுத்துப் பேசியதால் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். அவளும் அந்தப் படியில்தான் ஓடியிருப்பாள், அது அவளுக்கும் தெரியும், ஆனால் இன்று அடுப்பு எரிய வேண்டுமே. நல்லது செய்தால் மனசு நிறைந்துவிடும், சமாதானம் வந்துவிடும் என்று எத்தனை சாட்சிக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். வரவில்லை தம்பி. வந்துவிட்டது என்று உனக்கு எழுதினால் அது பொய். கை எதையாவது தேடுகிறது, காலர் தைத்துப் பழகிய கை, துவைத்த துணியையே எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று, அந்த அம்மா திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன், நடுங்கிக்கொண்டே சொல்வேன்.

ஜன்னல் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு சபையில் திருவிருந்து. அப்பமும் ரசமும் உள்ள பாத்திரத்தை வரிசை வரிசையாகக் கொண்டுவருவது மூப்பர் வேலை. அவர் அன்றையிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை, என் கை அதைத் தொட யோக்கியதை இல்லை, நான் இனி சபைக்கே வரவில்லை என்று போதகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம். கம்பெனியும் அவரைத்தான் பலியாடாக நிறுத்தப் போகிறது என்று பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. மழையில என்னைத் தூக்கிட்டுப் போனவர்மா, அவரைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போய் விருந்துல கை நீட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிப் போனார். வேலையை இழந்தவர், இழக்கக் காரணமானவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறார், இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன் நான். அங்கே அவரை வாசலிலேயே ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்றுதான் எனக்குப் படபடப்பு.

வந்துவிட்டார். பேனாவை வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். மூப்பர் கதவைத் திறக்கவில்லையாம். அவர் மனைவி ஜன்னல் வழியாக இப்ப வேணாம் அண்ணே என்றாராம். அப்பா வாசல்படியிலேயே உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி சத்தமாக ஜெபித்துவிட்டு வந்தாராம். என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்க எனக்குப் பயம், கேட்கவில்லை. நாளைக்குக் காலையில ஆராதனைக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் போவோம், சுண்டெலி வர்றேன்னா அவளையும் கூப்பிட்டுக்கலாம், திறக்கலைன்னா அடுத்த வாரமும் போவோம் என்கிறார். அவள் வருவாளா, வந்தால் மூப்பர் முகத்தை எப்படிப் பார்ப்பாள், சபையில் எங்கள் பக்கத்தில் யார் உட்காருவார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போவேன் என்று மட்டும் தெரியும்.

டிக்கெட் எடுக்காதே. பேத்தியைப் பார்க்க ஆசை கண்ணைக் கட்டுகிறது, ஆனால் இப்போது வந்தால் அது ஓடிவந்ததாக ஆகும். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, தையல் தெரிந்த கை பட்டினி கிடக்காது, வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொள்கிறேன். நீ ராத்திரி வேலைக்குப் போகிற நாளில் கழுத்தை மூடிக்கொண்டு போ, பகலில் தூங்கும்போது போனை அணைத்து வை. அப்புறம் இதை மறக்காதே, நீ வேலை செய்கிற கட்டிடத்தில் அவசரத்துக்கு இறங்குகிற படி இருக்கும் அல்லவா, திங்கட்கிழமை போனதும் ஒரு தரம் அதில் கடைசிவரை இறங்கிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

எப்போதும் கடிதத்தின் முடிவில் உன் அப்பாவைப் போல உண்மையுள்ளவனாக, தைரியமுள்ளவனாக ஆண்டவர் உன்னை வைத்திருக்கட்டும் என்று எழுதுவேன். இத்தனை காலமும் யோசிக்காமல் எழுதிவிட்டேன், எழுதுவதற்கு என்ன, எல்லாத் தாயும் எழுதுவதுதானே என்று. இன்றைக்கு அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அது என்னவெல்லாம் கேட்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது, வேலையைக் கேட்கும், கூட இருந்தவர்களைக் கேட்கும், தூக்கத்தைக் கேட்கும். பெற்ற பிள்ளைக்கு இதைக் கேட்டு ஜெபிக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? என் பிள்ளையை மட்டும் விட்டுவிடும் ஆண்டவரே, அவன் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் பத்திரமாக இருக்கட்டும் என்று எழுதிவிடலாமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எழுதுகிறேன் தம்பி. உன் அப்பாவைப் போல உண்மையுள்ளவனாக, தைரியமுள்ளவனாக ஆண்டவர் உன்னை வைத்திருக்கட்டும்.

மருமகளுக்கும் சின்னக்குட்டிக்கும் எங்கள் முத்தங்களும் ஆசீர்வாதங்களும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா